கூடவே வந்த படம், கூட வராத உரிமை

1997 டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் என்ற கணினி விளையாட்டின் மூல நிரலைப் பொதுவில் வெளியிட்டது. முதலில் லாப நோக்கம் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1999-ல் அதையும் எடுத்துவிட்டு ஜிபிஎல் லைசென்ஸுக்கு மாற்றினார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், திருத்தியதைப் பகிர்ந்தால் அதையும் ஜிபிஎல்-லிலேயே தர வேண்டும். ஆனால் அந்த நிரலை மட்டும் இறக்கி, கம்பைல் செய்து ஓட்டிப் பார்த்தால் ஆட்டம் தொடங்காது. வாட் கோப்பு எங்கே என்று கேட்டு நின்றுவிடும். அரக்கர்கள், சுவர்கள், துப்பாக்கி, கதவு திறக்கும் சத்தம் எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. அதை நிறுவனம் திறந்துவிடவில்லை. விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் தன்னிடம் இருக்கும் வாட் கோப்பைப் போட்டு ஆடிக்கொள்ளலாம். ஷேர்வேராக, அதாவது இலவச மாதிரியாக, வந்த முதல் பகுதியின் கோப்பை இலவசமாகப் பகிரலாம், ஆனால் வந்தது வந்தபடிதான். அதிலிருந்து ஓர் அரக்கனை மட்டும் வெட்டியெடுத்துத் தன் விளையாட்டில் ஒட்டிக்கொள்ள அனுமதி இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃப்ரீடூம் என்ற திட்டத்தில் பலர் சேர்ந்து பல வருடங்களாக ஒவ்வொரு சுவரையும் ஒவ்வொரு பிராணியையும் புதிதாக வரைந்து, பிஎஸ்டி என்ற தாராளமான லைசென்ஸில் தந்துகொண்டிருக்கிறார்கள்.

மென்பொருளோடு வரும் படங்கள், ஐகான்கள், எழுத்துருக்கள், ஒலித் துணுக்குகள், முப்பரிமாண உருவங்கள் பற்றிய குழப்பம் எல்லாமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரே பெட்டியில் வந்ததால் ஒரே உரிமை என்று எடுத்துக்கொள்கிறோம். சட்டத்தின் கண்ணில் நிரல் ஒரு படைப்பு, அதனோடு வரும் ஓவியம் வேறொரு படைப்பு. இரண்டுக்கும் உரிமையாளரே வேறு வேறாக இருக்கலாம். ஃபான்ட் ஆசம் ஐகான் தொகுப்பின் இலவசப் பதிப்பைத் திறந்து பாருங்கள்: ஐகான்களுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 (படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும்), எழுத்துருக் கோப்புகளுக்கு எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், நிரலுக்கு எம்ஐடி. ஒரு ஜிப் கோப்புக்குள் மூன்று லைசென்ஸ். "அது எம்ஐடிதானே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் மூன்றில் ஒன்றை மட்டும் படித்திருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இதே குழப்பம் உண்டு. முப்பரிமாணப் படங்கள் செய்ய உதவும் பிளெண்டர் ஜிபிஎல் மென்பொருள் என்பதால் அதில் செய்த படமும் ஜிபிஎல் ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்களைப் பார்க்கலாம். ஆகாது. பிளெண்டரில் நீங்கள் உருவாக்குவது முழுக்க உங்களுடையது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கருவியின் லைசென்ஸ் கருவியோடு நின்றுவிடும். கருவிக்குள் யாரோ வரைந்து வைத்த பொருளை எடுத்து உங்கள் படைப்புக்குள் வைக்கும்போதுதான் அந்தப் பொருளின் லைசென்ஸ் கூடவே வந்து உட்காருகிறது.

சரி, அந்த லைசென்ஸ்கள் பொதுவாக என்னதான் சொல்கின்றன? ஆயிரம் விதமாக எழுதியிருந்தாலும் பெரும்பாலானவற்றின் சாரம் ஒன்றே: உன் படைப்புக்குள் வைத்துப் பயன்படுத்து, கோப்பைக் கோப்பாகவே கைமாற்றாதே. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் பழைய ஒப்பந்தங்களில் கிளிப் ஆர்ட் பற்றிய பகுதி இதற்கு நல்ல மாதிரி. அறிக்கையில், அழைப்பிதழில், செய்திமடலில் போட்டுக்கொள்ளலாம். படத்தைத் தனியாகவோ தொகுப்பாகவோ விற்கக் கூடாது. விற்கிற பொருளின் முதன்மை மதிப்பே அந்தப் படம்தான் என்றால் அதுவும் கூடாது. வணிக முத்திரையாக (டிரேட்மார்க்) பதியக் கூடாது. ஆப்பிளின் இசை மென்பொருளான கராஜ்பேண்டின் தாளத் துணுக்குகளுக்கும் இதே கணக்கு: உங்கள் பாட்டில் சேர்த்து, அந்தப் பாட்டை விற்கலாம், ராயல்டி கிடையாது, துணுக்கை மட்டும் தனியாக வெளியிட முடியாது.

முதன்மை மதிப்பு என்ற இந்த அளவுகோலைத்தான் மக்கள் அதிகம் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒரு பூனைப் படத்தை நாற்பது பக்க அறிக்கையின் ஓரத்தில் வைத்தால் அறிக்கைதான் பொருள். அதே பூனையைப் பெரிதாக்கி ஒரு டி-ஷர்ட்டின் நடுவில் அச்சிட்டால், வாங்குகிறவர் பூனைக்காகத்தான் வாங்குகிறார். இரண்டிலும் "என் படைப்பில் பயன்படுத்தினேன்" என்று சொல்லலாம். ஆனால் இரண்டாவதில் உங்கள் உழைப்பு எங்கே இருக்கிறது என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஸ்டிக்கர், குவளை, சுவரொட்டி விற்கிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கட்டற்ற உரிமங்களிலும்கூட இந்தத் தனியாக விற்காதே என்ற நிபந்தனை எட்டிப்பார்க்கும். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்த எழுத்துருவை மாற்றலாம், பகிரலாம், எந்த மென்பொருளோடு சேர்த்தும் விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. இது தேவையற்ற நிபந்தனை என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஜிபிஎல்-லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிரித்துக்கொண்டே கடந்துபோயிருக்கிறது: "ஹலோ வேர்ல்டு" என்று அச்சிடும் இரண்டு வரி நிரலைச் சேர்த்துவிட்டால் நிபந்தனை நிறைவேறிவிடும், அதனால் பாதகமில்லை என்பது அவர்கள் கருத்து.

இனி விஷயத்தின் கடினமான பகுதிக்கு வருவோம். படைப்புக்குள் வைக்கலாம், கோப்பாகத் தரக் கூடாது என்ற கோடு அச்சுப் பக்கத்திலும் வீடியோவிலும் தெளிவாக இருக்கிறது. படம் அங்கே கரைந்துவிடுகிறது. யாரும் அதிலிருந்து மூலக் கோப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் விளையாட்டு, செயலி, திருத்தக்கூடிய டெம்ப்ளேட், இணையப் பக்கம் ஆகியவை அப்படி அல்ல. இவற்றில் முடிந்த படைப்பே கோப்புகளின் மூட்டைதான். விளையாட்டை ஒருவருக்கு விற்றால், அதன் அத்தனை படக் கோப்புகளையும் அவர் வட்டில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

முப்பரிமாண உருவங்களை விற்கும் டாஸ் 3டி நிறுவனத்தின் ஏற்பாடு இந்த வேறுபாட்டை அப்பட்டமாகக் காட்டும். அவர்கள் கடையில் ஒரு மனித உருவத்தை வாங்கினால், சாதாரண லைசென்ஸில் அதை நிற்க வைத்து, உட்கார வைத்து, வெளிச்சம் போட்டு, எத்தனை படம் வேண்டுமானாலும் ரெண்டர் செய்து (தட்டையான படமாக்கி) விற்கலாம். புத்தக அட்டைக்குப் போடலாம், காமிக்ஸ் செய்யலாம். அதே உருவத்தின் முப்பரிமாண வலையை ஒரு விளையாட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் இன்டராக்டிவ் லைசென்ஸ் என்று தனியாக வாங்க வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் பிக்சல்கள் போகின்றன, மற்றொன்றில் உருவமே போகிறது. விலை வித்தியாசம் அதற்குத்தான்.

விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியின் அசெட் ஸ்டோர் போன்ற இடங்கள் விளையாட்டுக்காகவே விற்பவை, அதனால் விளையாட்டுக்குள் வைப்பதற்குத் தடை இல்லை. அங்கே கேட்பது வேறு: பொருள் உங்கள் விளையாட்டின் பகுதியாகப் பொதிந்திருக்க வேண்டும், தனிச் சரக்காக வெளியே போகக் கூடாது. கொஞ்சம் யோசித்தால் இதன் விளைவு தெரியும். உங்கள் விளையாட்டைத் திறமூலமாக்கி முழு ப்ராஜெக்ட்டையும் பொதுக் களஞ்சியத்தில் போட்டால், வாங்கிய மரங்களும் பாறைகளும் யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளும்படி அங்கே கிடக்கும். நிரல் உங்களுடையது, அதை எப்படி வேண்டுமானாலும் தரலாம். மரங்களை எடுத்துவிட்டுத்தான் தர வேண்டும். பல திறமூல விளையாட்டுகளின் களஞ்சியத்தில் பாதிக் கோப்புறைகள் காலியாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். டெம்ப்ளேட் விற்பவர்களுக்கும் இதே சிக்கல்: வாங்கியவர் படத்தைச் சொடுக்கித் தனியாக நகர்த்த முடியுமென்றால் நீங்கள் அந்தப் படத்தையே கொடுத்துவிட்டீர்கள்.

எழுத்துருக் காரர்கள் இந்தப் பிரச்சினையைக் கோப்புக்குள்ளேயே கையாளப் பார்த்தார்கள். எழுத்துருக் கோப்பின் ஓர் அட்டவணையில் எஃப்எஸ்டைப் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் ஆவணத்தில் பொதிக்கலாம், பெறுபவர் நிறுவிக்கொள்ளவும் செய்யலாம். 8 என்றால் பொதித்த ஆவணத்தைத் திருத்தலாம். 4 என்றால் பார்க்கவும் அச்சிடவும் மட்டும். 2 என்றால் உரிமையாளரின் அனுமதியில்லாமல் பொதிக்கவே கூடாது. ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கும்போது சில எழுத்துருக்கள் மட்டும் பொதியாமல் அடம்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மென்பொருள் அந்த எண்ணைப் படித்து மரியாதை கொடுக்கிறது. அது ஒரு அடையாளம்தான், பூட்டு அல்ல. எண்ணை மாற்றிவிட்டால் லைசென்ஸ் மாறிவிடாது.

இதே உலகத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1996-ல் மைக்ரோசாஃப்ட் ஏரியல், வெர்டானா, ஜார்ஜியா போன்ற எழுத்துருக்களை இணையத்துக்காக இலவசமாகத் தந்தது. 2002-ல் அந்தப் பக்கத்தை மூடிவிட்டது. ஆனால் கொடுத்த லைசென்ஸ் நிற்கிறது: மூல நிறுவல் கோப்பை அப்படியே, ஒரு பைட் மாற்றாமல் பகிரலாம். அது விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு. எனவே லினக்ஸ் விநியோகங்களில் எழுத்துருவைத் தராமல், எழுத்துருவை இறக்கிவரும் ஒரு சிறு நிரலை மட்டும் தருகிறார்கள். அது உங்கள் கணினிக்கு வந்தபின், உங்கள் சார்பில், அந்தப் பழைய கோப்பைக் கொண்டுவந்து பிரிக்கிறது. பிரிப்பவர் நீங்கள், பிரித்ததைப் பகிர்பவர் யாருமில்லை.

படக் கோப்பையே தொடாமல் இருந்தால் தப்பிக்கலாமா? இதற்கு ஒரு வழக்கு பதில் சொல்லியிருக்கிறது. 1996-ல் வந்த டியூக் நியூகெம் 3டி விளையாட்டோடு, ஆடுபவர்களே புதுக் களங்களை (லெவல்) உருவாக்க ஒரு கருவியும் வந்தது. உருவாக்கிய களங்களை இலவசமாக மட்டுமே பகிர வேண்டும் என்பது நிபந்தனை. ஆயிரக்கணக்கில் இல்லாவிட்டாலும் நிறையப் பேர் செய்து இணையத்தில் போட்டார்கள். மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் அவற்றில் 300 களங்களை இறக்கி ஒரே சிடியில் அடுக்கி, "நியூக் இட்" என்று பெயர் வைத்து, பெட்டியில் விளையாட்டின் திரைக்காட்சிகளைப் போட்டு விற்றது. விளையாட்டை வெளியிட்ட ஃபார்ம்ஜென் நிறுவனத்தோடு வழக்கு.

மைக்ரோ ஸ்டார் தரப்பு வாதம் சும்மா தள்ளிவிடக்கூடியது அல்ல. அந்த விளையாட்டில் மூன்று பகுதிகள்: ஆட்டத்தை ஓட்டும் நிரலான எஞ்சின், படக் களஞ்சியம், களங்களை விவரிக்கும் மேப் கோப்புகள். மேப் கோப்பில் ஒரு படம்கூட இல்லை. இந்த இடத்தில் இந்த எண்ணுள்ள சுவர், அந்த மூலையில் அந்த எண்ணுள்ள எதிரி என்ற குறிப்புகள் மட்டுமே. எஞ்சின் அதைப் படித்து, ஆடுபவர் காசு கொடுத்து வாங்கிய களஞ்சியத்திலிருந்து படத்தை எடுத்துப் போடுகிறது. நாங்கள் எதையும் நகலெடுக்கவில்லையே என்றார்கள். கீழ் நீதிமன்றம் மேப் கோப்புகள் விஷயத்தில் அதை ஏற்றுக்கொண்டு, பெட்டியில் இருந்த திரைக்காட்சிகளுக்கு மட்டும் தடை போட்டது. 1998-ல் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி எழுதிய தீர்ப்பின்படி, அந்தக் குறிப்புகள் திரையில் தோன்றப்போகும் காட்சியை முழு விவரத்தோடு சொல்கின்றன. ஆக அவை டியூக்கின் கதைக்கு அடுத்தடுத்த பாகங்கள், பாகம் எழுதும் உரிமை உரிமையாளருடையது. அடிக்குறிப்பில் ஒரு விதிவிலக்கையும் காட்டினார். அதே மேப் கோப்புகள் வேறொரு விளையாட்டிலும் ஓடி, கூச்ச சுபாவமுள்ள ஓர் ஆள் பழுப்பு நிறப் புதிர்ப்பாதையில் பொல்லாத உப்புக் குடுவைகளைப் பேப்பர் கிளிப்பால் கொல்லும் கதையைச் சொல்ல முடிந்திருந்தால், முடிவு வேறாக இருந்திருக்குமாம். அப்படியொரு விளையாட்டு வந்திருந்தால் நான் வாங்கியிருப்பேன், அது வேறு விஷயம். பிறர் விளையாட்டை மாற்றியமைத்து (மோட் செய்து) காசு பார்க்க நினைப்பவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

அடுத்தது கருவியோடு கட்டிப்போடும் லைசென்ஸ்கள். இவை கோப்பைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, நீங்கள் எந்தக் கூடாரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகின்றன. ஆப்பிள் தன் சான் ஃபிரான்சிஸ்கோ எழுத்துருவை எல்லோரும் இறக்கிக்கொள்ள விடுகிறது. ஆனால் ஆப்பிள் தளங்களில் ஓடும் மென்பொருளின் முகப்பை வடிவமைத்துப் பார்க்க மட்டும். அதை எடுத்து உங்கள் நிறுவனத்தின் பேனரில் போட லைசென்ஸ் இல்லை. அவர்களுடைய எஸ்எஃப் சிம்பல்ஸ் ஐகான்களைச் செயலிக்குள் பொத்தானாக வைக்கலாம், செயலியின் ஐகானாகவோ லோகோவாகவோ வைக்கக் கூடாது. யூனிட்டி நிறுவனம் தானே தரும் பல மாதிரிப் பொருட்களுக்கு கம்பேனியன் லைசென்ஸ் என்று ஒன்று உண்டு. யூனிட்டியோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

அன்ரியல் என்ற விளையாட்டு எஞ்சினைத் தரும் எபிக் நிறுவனம் செய்தது இன்னும் பெரிய அளவில். பாராகான் என்ற விளையாட்டு எடுபடாமல் போய், 2018 ஏப்ரலில் சர்வரை மூடினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் செலவில் செய்தவை என்று சொல்லி, அதன் நாயகர்கள் பலரையும் சூழல்களையும் இலவசமாக அள்ளிக் கொடுத்தார்கள். நிபந்தனை: அன்ரியல் எஞ்சினில் மட்டும். எனக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை. வியாபாரம் வெளிப்படையாகவே நடக்கிறது. கருவிதான் சரக்கு, படம் அதற்கு ஆள் சேர்க்கிறது. சிக்கல் வருவது நடுவழியில். 2023 செப்டம்பரில் யூனிட்டி திடீரென்று நிறுவலுக்கு இத்தனை என்று கட்டணம் அறிவித்தபோது எஞ்சின் மாறலாமா என்று பேசாத சிறு குழுவே இல்லை எனலாம். அடுத்த வருடம் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த நாட்களில்தான் பலர் முதல்முறையாகத் தங்கள் அசெட் பட்டியலை எடுத்து, எது கூட வரும், எது வராது என்று பார்த்தார்கள்.

லோகோ விவகாரம் தனி. அங்கே தடை உரிமையாளரின் பேராசையால் வருவது அல்ல. முத்திரை என்றால் அது உங்களை மட்டும் குறிக்க வேண்டும். எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு ஐகானை லோகோவாக வைத்தால், நாளைக்கு இன்னொருவர் அதையே வைக்கும்போது உங்களால் தடுக்க முடியாது. கான்வா போன்ற தளங்கள் தங்கள் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகப் பதியக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். மறுதிசையில், முத்திரையாக இருக்கும் படம் திறமூலத்துக்கு எப்படி முட்டுக்கட்டை ஆகும் என்பதற்கு மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் கதை இருக்கிறது. நிரல் திறந்தது, நரி லோகோ திறந்தது அல்ல. லினக்ஸ் விநியோகமான டெபியனின் குழு தன் கொள்கைப்படி லோகோவை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. பெயர் வேண்டுமென்றால் லோகோவும் வேண்டும் என்றது மொசில்லா. 2006-ல் டெபியனில் உலாவியின் பெயர் ஐஸ்வீசல் ஆனது. 2016-ல்தான் சமாதானமாகிப் பழைய பெயர் திரும்பியது. ஒரு நரிப் படத்துக்காகப் பத்து வருடம்.

அப்போ கட்டற்ற படங்களை மட்டும் எடுத்தால் தொல்லையே இல்லையா? குறையும், போகாது. ஜிபிஎல்-லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே விளையாட்டின் ஓவியங்கள் மென்பொருள் அல்ல, அவற்றைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஜிபிஎல் எஞ்சினும் மூடிய படங்களும் அருகருகே இருப்பதில் அவருக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. படமும் திறந்திருக்க வேண்டும் என்று நினைத்த திட்டங்கள் வெவ்வேறு வழியில் போயின. பேட்டில் ஃபார் வெஸ்நாத் என்ற திறமூல விளையாட்டு நீண்ட காலம் ஓவியங்களையும் ஜிபிஎல்-லிலேயே வைத்திருந்தது. ஓவியத்துக்கு மூல நிரல் எது, அடுக்குகளோடு இருக்கும் கோப்பா, முடிந்த படமா என்பதற்கு ஜிபிஎல்-லில் நேரான பதில் இல்லை. பின்னாளில் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ (பெயர் சொல்லி, மாற்றினால் அதே லைசென்ஸில் பகிர வேண்டும்) ஓவியங்களையும் ஏற்க ஆரம்பித்தார்கள். 2012-ல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் என்ற விளையாட்டு ஓவியப் போட்டியில் இரண்டையுமே ஒருசேரக் கேட்டார்கள்: பை-எஸ்ஏ 3.0, கூடவே ஜிபிஎல் 3.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பலர் படிக்காத ஒரு பிரிவு இருக்கிறது: பெறுபவருக்கு லைசென்ஸ் தரும் உரிமையைத் தொழில்நுட்பப் பூட்டுப் போட்டுத் தடுக்கக் கூடாது. செயலிக் கடைகளில் வெளியாகும் விளையாட்டுகளுக்குப் பூட்டு கூடவே வரும். இது மீறலா இல்லையா என்று விளையாட்டு ஓவியங்களைப் பகிரும் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தின் வட்டாரத்தில் வாதம் ஓயாமல் நடந்து, கடைசியில் பூட்டு பற்றிய அந்தப் பிரிவை நீக்கிவிட்டு ஓஜிஏ-பை என்று ஒரு லைசென்ஸையே தனியாக உருவாக்கினார்கள். இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்களுக்கு, உரிமை எதையும் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடும் சிசி-ஜீரோ இருக்கிறது. கென்னி தளத்தின் பொம்மைகள், பிளெண்டர் தரும் மனித உருவ அடிப்படை வலைகள் எல்லாம் அந்த வகை. பெயர்கூடப் போட வேண்டாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சலிப்பான வேலைதான். ஒவ்வொரு பொருளையும் எடுக்கும்போதே எங்கிருந்து, எந்தத் தேதியில், எந்த லைசென்ஸில் எடுத்தோம் என்று ப்ராஜெக்ட் கோப்புறையிலேயே எழுதி வைப்பது. லைசென்ஸ் வாசகத்தின் நகலையும் பக்கத்திலேயே போட்டு வைப்பது. இணைப்பு மட்டும் போதாது, பக்கத்தின் வாசகம் மாறும். பாறை, மரம் போன்ற நிஜப் பொருட்களை ஸ்கேன் செய்து உருவாக்கிய மெகாஸ்கேன்ஸ் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் எபிக் அதை வாங்கியபின் அன்ரியல் எஞ்சினில் பயன்படுத்துபவர்களுக்கு இலவசம் ஆனது. 2024 அக்டோபரில் எபிக்கின் ஃபேப் என்ற இணையக் கடை திறந்தபோது, அந்த வருட இறுதி வரை எந்த எஞ்சினுக்கும் எல்லோருக்கும் இலவசம் என்றார்கள். 2025 பிறந்ததும் பெரும்பாலானவற்றுக்கு விலை வந்தது. அதற்கு முன்பு தன் கணக்கில் சேர்த்துக்கொண்டவருக்கு அது நிலைக்கும். ஆக ஒரே பாறைப் படம் மூன்று பேர் வட்டில் மூன்று நிபந்தனைகளோடு இருக்கலாம். யாருடையது எந்த நிபந்தனை என்பதைப் பாறையைப் பார்த்துச் சொல்ல முடியாது, எடுத்த தேதியையும் கணக்கு ரசீதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.